பிரெஞ்சு வெங்காய சூப்: முதலில் நீர் போகட்டும், பிறகு நிறம் வரட்டும்

பாரிஸ் உணவகக் குசினிகளில் புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் பலர் வெங்காயம் வதக்கிப் பழகிய கையோடுதான் வருகிறார்கள். வெங்காய சூப்புக்கு அந்தக் கைப்பழக்கமே இடைஞ்சலாகிவிடுகிறது. கறிக்கு வதக்கும் வேகத்தில் அடுப்பைக் கூட்டுகிறார்கள். பொன்னிறம் கண்டதும் அடுத்த பொருளைப் போட்டுவிடுகிறார்கள். கறியில் மிளகாயும் மல்லியும் தேங்காய்ப்பாலும் பின்னால் வந்து குறையை மூடிவிடும். இந்த சூப்பில் பின்னால் வந்து மூடுவதற்கு எதுவும் இல்லை. வெங்காயம் எந்த இடத்தில் நின்றதோ, சுவையும் அங்கேயே நின்றுவிடும்.

பொருள்கள் குறைவு, கைவித்தை என்று சொல்லவும் பெரிதாக எதுவும் கிடையாது. வரிசைதான் முக்கியம். வெங்காயத்தின் சொந்த நீர் வெளியேற வேண்டும். அதன் பிறகு நிறம் ஏற வேண்டும். அதற்கும் பிறகுதான் வைனும் எலும்புச்சாறும் உள்ளே வர வேண்டும். மேலே மிதக்கும் பாணுக்கும் (ரொட்டிக்கும்) இதே விதிதான்: முதலில் காய வேண்டும், பிறகு நனைய வேண்டும். சப்பென்று போன சூப், கசந்த சூப், கூழான சூப் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த வரிசை எங்கோ மாறியிருக்கும்.

கீழே உள்ள அளவு நான்கு பேருக்கு. இரவுச் சாப்பாடாகவே போதும். பிறகு கனமாக வேறு எதுவும் இறங்காது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிய வெங்காயம் – 1.5 கிலோ (உரிக்கும் முன்)
வெண்ணெய் – 50 கிராம்
வாசனையற்ற எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
உப்பு – 1 தேக்கரண்டி, பிறகு தேவைக்கேற்ப
மைதா மா – 2 மேசைக்கரண்டி
புளிப்புள்ள, இனிப்பில்லாத வெள்ளை வைன் – 200 மில்லி
உப்பிடாத மாட்டெலும்புச் சாறு – 1.5 லிட்டர்
தைம் (வாசனை இலைச் செடி) – 4 சிறு கொத்து
லாரல் இலை (பே லீஃப்) – 1
மிளகு – சிறிதளவு
பகெத் (நீளமான பிரெஞ்சுப் பாண்) – 1, முதல் நாளையது
பூண்டு – 1 பல்
கிரூயேர் அல்லது கோம்தே சீஸ் – 220 கிராம்
கோன்யாக் என்ற பிராந்தி – 1 மேசைக்கரண்டி (இல்லாவிட்டாலும் குறையில்லை)

பிரான்சில் இதற்கு எடுப்பது மஞ்சள் தோல் கொண்ட சாதாரண வெங்காயம். பச்சையாகக் கடித்தால் காரமாக இருக்கும். நின்று வெந்தால் இனிப்பும் ஆழமும் சேர்ந்து வரும். சலாட்டுக்கென்று விற்கும் இனிப்பு வெங்காயத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதில் காரம் குறைவு என்பதால் சூப் பாயசத்தின் பக்கம் சாய்ந்துவிடும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிடைக்கும் சிவப்புத் தோல் பெரிய வெங்காயத்தில் தாராளமாகச் செய்யலாம். வேகும்போது இடையில் ஒரு சாம்பல் கலந்த ஊதா நிறம் வரும்; பதற வேண்டாம், பழுப்பு ஏறியதும் அது மறைந்துவிடும்.

லாரல் இலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியக் கடைகளில் பிரிஞ்சி இலை என்று வாங்குவது பெரும்பாலும் வேறு மரத்தின் இலை. அதில் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும்; கறுவாவின் மணம் இருக்கும். லாரலில் நடு நரம்பு ஒன்றுதான். பிரிஞ்சி இலையைப் போட்டால் சூப்பில் பிரியாணி எட்டிப்பார்க்கும். லாரல் கிடைக்காவிட்டால் இலையே வேண்டாம், தைம் மட்டும் போதும்.

வைனுக்கு மஸ்கதே, அலிகோத்தே, சோவிஞோன் பிளாங் போன்றவை பொருந்தும். விலை உயர்ந்தது தேவையில்லை, புளிப்புத்தான் தேவை. வெங்காயத்தின் இனிப்பை அந்தப் புளிப்புத்தான் கட்டிப்பிடித்து நிறுத்துகிறது. மரப்பீப்பாயின் வாசம் ஏறிய வைன் வற்றும்போது கசப்பை விட்டுச்செல்லும். மது சேர்க்காத வீடுகளில் ஒரு மேசைக்கரண்டி வைன் வினிகர் அல்லது ஆப்பிள் வினிகரை 150 மில்லி தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வெறும் தண்ணீரோடு விட்டுவிடாதீர்கள். கொதித்தால் மது முழுவதும் போய்விடும் என்று சொல்வார்கள். ஒரு பங்கு எப்படியும் தங்கும். விருந்தினருக்குப் பரிமாறும் முன் இதைச் சொல்லிவிடுவது முறை.

2. பாத்திரமும் கிண்ணமும்

அடி கனத்த, வாய் அகன்ற, ஐந்து லிட்டராவது பிடிக்கும் பாத்திரம் வேண்டும். எனாமல் பூசிய வார்ப்பிரும்பு மிக நல்லது. தடித்த அடியுள்ள எவர்சில்வரும் சரி. அகலம் எதற்கு என்றால், நீர் ஆவியாவது மேற்பரப்பின் வழியாகத்தான். ஒடுங்கிய உயரமான பானையில் கீழே இருக்கும் வெங்காயம் மேலே இருப்பதன் நீரிலேயே அவிந்துகொண்டிருக்கும்.

ஒட்டாத பூச்சுள்ள தாச்சியை எடுக்காதீர்கள். இந்த சூப்பின் நிறத்தில் பெரும் பங்கு பாத்திரத்தின் அடியில் ஒட்டிப் பழுப்பாகும் படிவிலிருந்து வருகிறது. ஒட்டாத பாத்திரத்தில் படிவே உண்டாகாது. மெல்லிய அலுமினியப் பாத்திரம் இதற்கு நேர் எதிர்: நெருப்புப் படும் இடத்தில் கருகும், ஓரத்தில் பச்சையாகவே இருக்கும்.

கிண்ணத்தைப் பற்றி இப்போதே யோசித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அலமாரியைத் திறந்து பார்த்தால் ஓவனுக்குள் போகக்கூடியது ஒன்றும் இருக்காது. பிரெஞ்சு வீடுகளில் இதற்கென்றே பக்கவாட்டில் சிங்கமுகம் வைத்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம் உண்டு. அதுதான் வேண்டும் என்பதில்லை. ஓவனுக்கு ஏற்றது என்று அடியில் குறித்திருக்கும் தடித்த பீங்கான் அல்லது மண் கிண்ணம் போதும். கண்ணாடிக் கிண்ணத்தை ஓவனின் மேலிருந்து சூடு வீசும் கிரில்லின் நேரடிச் சூட்டில் வைக்காதீர்கள், வெடித்துச் சிதறலாம். தகுந்த கிண்ணம் இல்லாதவர்களுக்கு மாற்று வழி 10-ஆம் பகுதியில் இருக்கிறது.

3. முதல் நாள்: எலும்புச் சாறு

நேரம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப்போய்க் கடையில் வாங்கலாம். ஆனால் உப்புச் சேர்க்காதது என்று பார்த்து வாங்குங்கள். சூப் வற்றும்போது உப்பு வற்றாது. மேலே வரும் சீஸும் உப்புத்தான். கட்டியாக விற்கும் சாறுதான் கிடைக்கிறது என்றால், உறையில் சொன்ன தண்ணீரைப் போல இரண்டு மடங்கில் கரையுங்கள்.

வீட்டில் செய்வதானால் 2 கிலோ மாட்டெலும்பு வாங்குங்கள். மூட்டெலும்பும், கொஞ்சம் சதையோடு காலெலும்பும் கலந்திருக்கட்டும். 220 டிகிரி ஓவனில் முக்கால் மணி நேரம், நன்கு சிவக்கும்வரை வாட்டுங்கள். பிறகு பெரிய பானையில் போட்டு, ஒரு கேரட், ஒரு வெங்காயம், ஒரு லீக்ஸ் தண்டு சேர்த்து, குளிர்ந்த தண்ணீர் மூடும்வரை ஊற்றிச் சிறு தீயில் ஆறு மணி நேரம் விடுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பும் நுரையும் சாற்றுக்குள் அடிபட்டுக் கலங்கிவிடும். ஓரிரண்டு குமிழி மேலே வந்து உடைகிற தீயே சரி. அழுத்த சமையற்கலனில் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். தெளிவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வடித்து இரவு முழுவதும் குளிரூட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும். அதை ஆடையாக எடுத்துவிடலாம். கீழே சாறு தளும்பாமல் இறுகியிருந்தால் நல்ல சாறு. அந்த இறுக்கம் எலும்பு மூட்டுகளிலிருந்து வந்தது. சூப் வாயில் தண்ணீராகப் படாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி எலும்பையும் இறக்கையையும் இதே போல வாட்டி, மூன்று மணி நேரம் வேகவைத்தால் போதும். வாட்டாத கோழிச்சாறு வெளிறிப் போயிருக்கும், வெங்காயத்துக்கு ஈடு கொடுக்காது. சைவத்துக்குக் காளானை நன்கு வறுத்து, உலர்ந்த காளானும் சேர்த்துச் சாறு எடுக்கலாம். சீஸில் மட்டும் கவனம். கோம்தே, கிரூயேர் இரண்டும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறைய வைத்தவை. கண்டிப்பான சைவர்கள் உறையைப் படித்து வேறு சீஸ் வாங்க வேண்டும்.

4. நறுக்குதல்: நீளவாக்கில்

வேரிலிருந்து நுனிக்கு நேராக இரண்டாகப் பிளந்து, தோலை உரித்து, இரு முனைகளையும் நீக்குங்கள். பிறகு பாதியைக் கவிழ்த்து வைத்து, வேரிலிருந்து நுனிக்கு ஓடும் கோடுகளின் திசையிலேயே 4 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள்.

வெங்காயத்தின் நார் வேரிலிருந்து நுனிக்கு ஓடுகிறது. நாரோடு நறுக்கிய துண்டு ஒன்றரை மணி நேரம் அடுப்பில் கிடந்தாலும் தன் வடிவத்தை விடாது. குறுக்கே வளையமாக நறுக்கியது கரைந்து சளசளத்துப் போகும். ஆம்லெட்டுக்குப் போலப் பொடியாக அரிந்தால் சூப் முடியும்போது சட்னிதான் மிஞ்சும்.

ரொம்ப மெல்லியதாக நறுக்கித் திறமை காட்டும் பிள்ளைகளும் உண்டு. மெல்லியது முதலில் கருகும். அதைவிட மோசம், மெல்லியதும் தடித்ததும் கலந்து கிடப்பது. எல்லாம் ஒரே கனத்தில் இருப்பதே முக்கியம். மிகப் பெரிய வெங்காயமாக இருந்தால், நறுக்கிய குவியலை நடுவில் ஒருமுறை குறுக்கே வெட்டிவிடுங்கள். கரண்டியிலிருந்து தாடைவரை தொங்கும் வெங்காயத்தை யாரும் அழகாகச் சாப்பிட முடியாது.

குவியல் மலைபோலத் தெரியும். அளவு கூடிவிட்டது என்று பாதியை எடுத்து வைத்துவிடாதீர்கள். முடிவில் கால்பங்குதான் இருக்கும்.

5. மூடிபோட்டு வேகவைத்தல் – ஏறக்குறைய 20 நிமிடம்

நடுத்தரத் தீயில் வெண்ணெயையும் எண்ணெயையும் உருக்கி, வெங்காயம் முழுவதையும் போட்டு, உப்பைத் தூவிப் புரட்டி, மூடிவிடுங்கள். இடையில் இரண்டு மூன்று முறை அடி மேலாகக் கிளறினால் போதும்.

வெங்காயத்தின் எடையில் நூற்றுக்கு 89 பங்கு தண்ணீர். உப்பும், மூடிக்குள் சுற்றும் ஆவியும் சேர்ந்து அதை வெளியே இழுக்கின்றன. அதோடு துண்டுகளுக்குள் இருக்கும் சர்க்கரையும் வெளியே வந்து எல்லாத் துண்டுகள் மேலும் பரவுகிறது. பிறகு நிறம் சீராக ஏறுவதற்கு இதுதான் அடித்தளம்.

பெரும்பாலோர் இந்தப் படியைத்தான் தவிர்க்கிறார்கள். மூடியே போடாமல் முதலிலிருந்தே தீயைக் கூட்டி வதக்கினால் ஓரங்கள் கறுக்கும், நடு பச்சையாக இருக்கும். பார்க்கிறவர் நிறம் வந்துவிட்டது என்று நினைப்பார். அது கருகல். சூப்பில் கசப்பாகத் தெரியும். அதற்குப் பிறகு சீஸ் எவ்வளவு போட்டாலும் மறையாது.

மூடியைத் திறக்கும்போது வெங்காயம் துவண்டு, கண்ணாடிபோலத் தெளிந்து, தன் நீரில் தானே மூழ்கிக் கிடக்க வேண்டும். அந்த நீரை வடித்துக் கொட்டிவிடாதீர்கள். சர்க்கரை அதில்தான் இருக்கிறது.

6. மூடியில்லாமல் வற்றவிடுதல் – 10 முதல் 15 நிமிடம்

இப்போது தீயைக் கொஞ்சம் கூட்டலாம். வைன் ஊற்றும் நேரத்தைத் தவிர்த்தால், இந்த முழுச் செய்முறையிலும் அடுப்பைக் கூட்ட அனுமதி இந்த ஒரு இடத்தில்தான். நீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எனவே கருகும் பயம் இல்லை. பழுப்பு ஏறும் வேலை சுறுசுறுப்பாக நடப்பதற்கு 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். நீர் போகாமல் அந்தச் சூட்டை எட்டவே முடியாது. மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சமையற்கலனில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு வெளிறிய கூழ் கிடைப்பதும் இதனால்தான். அதில் நீர் வெளியேற வழியில்லை.

எப்போது வற்றியது என்பதைக் காதால் அறியலாம். கொதிக்கும்போது களகளவென்று கேட்கும். வற்றியதும் சத்தம் மாறி, எண்ணெயில் பொரிகிற சுர்ரென்ற ஒலியாகும். அந்த நொடியில் தீயைக் குறைத்துவிட வேண்டும். குறைக்க மறந்து சீஸ் துருவப் போனவர்கள்தான் திரும்பி வந்து கறுத்த அடியைச் சுரண்டுகிறார்கள்.

7. நிறம் ஏற்றுதல் – 45 நிமிடத்திலிருந்து 1 மணி நேரம்

சூப் இங்கேதான் உருவாகிறது. நடுத்தரத்துக்கும் சற்றுக் குறைந்த தீ. தொடக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். நிறம் ஏற ஏற இடைவெளி குறைந்து, கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகராமல் நிற்க வேண்டியிருக்கும். பதினைந்து நிமிடத்தில் வெங்காயம் பழுப்பாகிவிடும் என்று எழுதியிருக்கும் செய்முறைகளை நம்பாதீர்கள்.

கிளறுவதற்குத் தட்டையான முனையுள்ள மர அகப்பை நல்லது. சும்மா சும்மா கிளறிக்கொண்டிருக்காதீர்கள். வெங்காயம் அடியைத் தொட்டுச் சற்றுநேரம் இருந்தால்தான் படிவு உண்டாகும். படிவு பழுப்பாக ஒட்டியதும் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். படிவு கரைந்து வெங்காயத்தோடு சேர்ந்து, மொத்தமும் ஒரு படி கறுக்கும். நீர் வற்றியதும் மறுபடி படிய விடுங்கள், மறுபடி தெளித்துச் சுரண்டுங்கள். ஐந்தாறு முறை இப்படி நடக்கும். நீரை வெளியேற்றிவிட்டு மறுபடி ஊற்றுவதா என்று கேட்பார்கள். இரண்டு கரண்டி நீர் அரை நிமிடத்தில் போய்விடும். அது அடியைக் கழுவ வந்தது, வேகவைக்க வந்ததில்லை.

படிவு பழுப்பாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். கறுப்பாகிவிட்டால் சுரண்டாதீர்கள். வெங்காயத்தை மேலாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றி அங்கே தொடருங்கள். கறுத்த அடியைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள். சிக்கனம் பார்த்து அதையும் கரைத்துச் சேர்த்தால் முழுச் சட்டியும் கசக்கும்.

எங்கே நிறுத்துவது? முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு பொன்னிறம். பொன்னிறத்தில் நம் கை தானாகவே அடுப்பை அணைக்கப் போகும், தடுத்து நிறுத்துங்கள். அதிலிருந்து இன்னும் அரை மணி நேரப் பயணம் இருக்கிறது. செம்பழுப்பைத் தாண்டி, பனங்கட்டியின் ஆழ்ந்த பழுப்பை எட்டும்போது சரி. ஓரம் மட்டும் பழுப்பாக இருந்தால் போதாது. ஒரு துண்டை வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள்; நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பின்னால் மெல்லிய கைப்பு. தொண்டையில் தங்கும் கசப்பு இருக்கக்கூடாது.

குறுக்கு வழிகள் இரண்டு புழக்கத்தில் உள்ளன. ஒன்று, சர்க்கரை தூவுவது. நிறம் சீக்கிரம் வரும், சுவையில் ஆழம் வராது. மிகக் காரமான வெங்காயமாக இருந்தால் அரைத் தேக்கரண்டி போடலாம்; மற்றபடி தேவையில்லை. இன்னொன்று ஆப்பச்சோடா. ஒரு சிட்டிகை போட்டால் பழுப்பேறும் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் வெங்காயத்தின் உடல் குழைந்துபோகும். சற்றுக் கூடினாலும் சவர்க்கார வாடை வரும். நாரோடு நறுக்கிய உழைப்பு அத்தனையும் வீண்.

நின்று கிளற முடியாதவர்களுக்கு ஓவன் நல்ல வழி. 5-ஆம் படி முடிந்ததும் அதே பாத்திரத்தை 200 டிகிரி ஓவனுக்குள் மூடியைச் சற்று விலக்கி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் சூடு எல்லாப் பக்கமும் வருவதால் கருகும் ஆபத்துக் குறைவு. கடைசி நிறத்தை அடுப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

8. அந்த நேரத்திலேயே: பாணும் சீஸும்

வெங்காயம் நிறமேறும் முதல் அரை மணி நேரத்தில் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள். பிறகு கை ஓயாது.

பகெத்தை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் எட்டுத் துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி, 150 டிகிரி ஓவனில் 20 முதல் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி, காயவையுங்கள். நிறம் ஏற வேண்டும் என்பதில்லை, நடுவரை உலர வேண்டும். விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கவே கூடாது. டோஸ்டரில் போட்டால் மேல்புறம் சிவந்து நடு மென்மையாக இருக்கும். அந்தத் துண்டு சூப்பைத் தொட்ட இரண்டாவது நிமிடத்தில் பசையாகிச் சீஸையும் இழுத்துக்கொண்டு மூழ்கும். காய்ந்த துண்டோ சாற்றைக் குடித்துக்கொண்டே சீஸைத் தாங்கி நிற்கும். சூடாக இருக்கும்போதே பூண்டுப் பல்லை ஒரு பக்கத்தில் தேய்த்துவிடுங்கள்.

பகெத் கிடைக்காத இடத்தில், சர்க்கரையும் பாலும் சேராத, மேலோடு மொறுமொறுப்பான எந்தப் பாணும் உதவும். இலங்கையில் ரோஸ் பாண் இதற்கு வெகு பொருத்தம். புதுச்சேரிக்காரர்களுக்குப் பகெத் தேடவே வேண்டியதில்லை. இனிப்பான சாண்ட்விச் ரொட்டி மட்டும் வேண்டாம்.

சீஸைப் பெரிய துளையில் நீங்களே துருவுங்கள். துருவி உறையில் விற்பது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதில் மாவுச்சத்துத் தூவியிருப்பார்கள்; உருகினாலும் வழுவழுப்பாகச் சேராது. கோம்தே வாங்கும்போது வயது முதிர்ந்ததைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். பதினெட்டு மாதம் தாண்டியது கையில் வைத்துச் சாப்பிட அருமை. சூட்டில் எண்ணெய் கக்கும். ஒரு வருடத்துக்கு உட்பட்டது நன்றாக உருகும். செலவு உறுத்தினால் பாதிக்குப் பாதி எமென்தால் கலக்கலாம். இழுபடும் தன்மையை எமென்தால் தரும், சுவையை மற்றது தரும். மொஸரெல்லா மட்டும் போட்டால் ரப்பர் போர்வைதான்.

9. மா, வைன், சாறு

இந்த மூன்றும் இதே வரிசையில்தான் வர வேண்டும்.

நிறமேறிய வெங்காயத்தின் மேல் மைதாவைத் தூவி இரண்டு நிமிடம் கிளறுங்கள். மா முதலில் வெண்ணெயில் புரண்டால்தான் பிறகு கட்டி தட்டாது; பச்சை வாடையும் போகும். வைன் ஊற்றிய பிறகு நினைவு வந்து மாவைத் தூவினால் சிறுசிறு உருண்டைகளாக மிதக்கும். இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சூப்புக்குச் சற்று உடல் கொடுக்கத்தான் மா, குழம்பாக்க இல்லை. நன்கு இறுகிய எலும்புச் சாறு வைத்திருப்பவர்கள் மாவையே விட்டுவிடலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான்.

அடுத்து வைன். ஊற்றியதும் தீயைச் சற்றுக் கூட்டி, அடியில் மிச்சமிருக்கும் படிவு முழுவதையும் சுரண்டுங்கள். நான்கைந்து நிமிடத்தில் வைன் ஏறத்தாழ வற்றி, மூக்கைக் குத்தும் வாடை போய்விடும். அதற்கு முன் சாற்றை ஊற்றினால் அந்தப் பச்சைப் புளிப்பு சூப்பில் அப்படியே மாட்டிக்கொள்ளும்.

சாற்றைப் பக்கத்து அடுப்பில் சூடாக்கி வைத்திருங்கள். முதலில் பாதியை ஊற்றி நன்றாகக் கலக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள். தைமையும் லாரலையும் நூலால் கட்டிப் போட்டால் பிறகு தேட வேண்டாம். மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, சிறு தீயில் 30 நிமிடம். அதற்கு மேல் நீடித்தால் இவ்வளவு நேரம் தாங்கிய வெங்காயமும் பிய்ந்து நாராகத் தொடங்கும்.

உப்பு இப்போதுதான் பார்க்க வேண்டும். வாய்க்குச் சரியாக இருப்பதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள், மீதியைச் சீஸ் கொண்டுவரும். இனிப்பு மேலோங்கித் திகட்டினால் அரைத் தேக்கரண்டி வினிகர் விடுங்கள். உப்பைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மிளகும், இருந்தால் கோன்யாக்கும் அடுப்பை அணைக்கும் முன்.

10. கிண்ணத்தில் அடுக்கி, கிரில்லில்

கிரில்லைப் பத்து நிமிடம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். சூப் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். கிரில்லின் சூடு மேலிருந்துதான் வருகிறது. ஆறிய சூப்பை அது சூடாக்காது. சீஸ் பொரிந்து நிற்க, கீழே வெதுவெதுப்பான சூப் இருப்பது உணவகங்களிலும் நடக்கிற கதை.

வெங்காயத்தை முதலில் நான்கு கிண்ணத்துக்கும் சமமாக அள்ளிப் போட்டுவிட்டு, அதன் மேல் சாற்றை ஊற்றுங்கள். நேரடியாக ஊற்றினால் முதல் கிண்ணத்துக்கு வெறும் சாறும் கடைசிக் கிண்ணத்துக்கு வெங்காய மலையும் போகும். விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள்.

ஒரு கிண்ணத்துக்கு இரண்டு பாண் துண்டுகள், பூண்டு தேய்த்த பக்கம் மேலே. மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் பாணை உடைத்துச் சொருகுங்கள். திறந்த இடத்தில் விழும் சீஸ் சூப்புக்குள் இறங்கி அடியில் பந்தாகிவிடும். பிறகு ஐம்பது, அறுபது கிராம் சீஸை விளிம்பைத் தொடும்படி பரப்புங்கள். விளிம்பில் ஒட்டிக் கறுத்த சீஸை முதலில் பெயர்த்துத் தின்னாத பிரெஞ்சுக்காரரை நான் பார்த்ததில்லை.

கிண்ணங்களைக் கனமான தட்டில் வைத்து, கிரில் கம்பியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே, மூன்று முதல் ஐந்து நிமிடம். கதவோரத்திலேயே நில்லுங்கள், பழுப்புக்கும் கருகலுக்கும் இடையில் அரை நிமிடம்தான். கிரில் இல்லாத ஓவனில் 230 டிகிரியில் மேல் தட்டில் எட்டுப் பத்து நிமிடம் ஆகும். எடுத்ததும் நான்கு நிமிடம் ஆறவிட்டு மேசைக்குக் கொண்டுபோங்கள். சீஸ் மூடியிருப்பதால் ஆவி தெரியாது; ஆறிவிட்டது என்று நினைத்து நாக்கைச் சுட்டுக்கொள்ளாதவர் குறைவு.

ஓவனுக்கு ஏற்ற கிண்ணம் இல்லாதவர்கள், பாண் துண்டுகளைத் தட்டில் நெருக்கமாக அடுக்கி, அதன் மேலேயே சீஸைப் போட்டு கிரில் செய்து, சாதாரணக் கிண்ணத்தில் ஊற்றிய சூப்பின் மேல் மிதக்கவிடலாம். ஓவனே இல்லாவிட்டால் பாணைத் தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் இருபுறமும் உலர்த்தி, சீஸ் வைத்து, கல்லின் ஓரத்தில் சில துளி நீர் தெளித்து மூடினால் ஆவியில் சீஸ் உருகும். மேலே பழுப்பு வராது, மற்றதெல்லாம் வரும்.

லியோன் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டை மஞ்சள்கருவைப் போர்ட் அல்லது மதேரா வைனில் அடித்து, கிரில்லிலிருந்து வந்த கிண்ணத்தின் மேலோட்டைத் தூக்கி உள்ளே ஊற்றிக் கலக்குவார்கள். முதல் முறை செய்கிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். அடிப்படைச் சூப் கைக்குப் பிடிபட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

11. முன்னதாகச் செய்து வைப்பது

பாண் சேர்க்காத சூப் குளிரூட்டியில் மூன்று நாள் தாங்கும். மறுநாள் சுவை கூடத்தான் செய்யும். விருந்து வைக்கிறவர்கள் 9-ஆம் படிவரை முதல் நாளே முடித்துவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போது கெட்டியாகத் தெரிந்தால் சாறு சேருங்கள். சாறு இல்லாவிட்டால் கொஞ்சம் தண்ணீர்.

உறையவைக்க வேண்டுமானால் முழுச் சூப்பை விட, 7-ஆம் படியில் நிறமேறிய வெங்காயத்தை மட்டும் உறையவைப்பது இடத்துக்கும் நேரத்துக்கும் லாபம். ஒரே முயற்சியில் மூன்று கிலோ செய்து, பாதியைத் தட்டையாகப் பையில் அடைத்து வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. ஆனால் மூன்று கிலோவையும் ஒரே பாத்திரத்தில் குவித்தால் நீர் வற்றுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இரண்டு பாத்திரத்தில் பிரித்து வையுங்கள்.

காயவைத்த பாணைக் குளிரூட்டியில் வைக்காதீர்கள், ஈரம் ஏறிவிடும். முழுவதும் ஆறிய பிறகு காற்றுப்புகாத டின்னில் போட்டு வெளியில் வைத்தால் ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். சூடு ஆறும் முன் மூடினால் உள்ளே ஆவி வேர்த்து, மறுநாள் மறுபடி ஓவனில் போட வேண்டிவரும்.